இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "அண்ணாச்சி, வண்டி எப்படி ஓடுது?" நன்றாக ஓடுகிறது. வாங்கி நாலு வருஷம் ஆகப்போகிறது. நானாக நிறுத்திய ஒரு நாளைத் தவிர, அது நடுரோட்டில் நின்றதே இல்லை. பழைய ஜெர்மன் கார் வாங்கியவன் எவனும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆறு மாதத்தில் ஒர்க் ஷாப் வாசலில் தவம் கிடப்பான், உதிரி சாமான் வரவில்லை என்று புலம்புவான். எனக்கு மட்டும் தங்கமாக அமைந்தது. வாங்கின மறுவாரமே அதன் இன்ஜின் வெடித்துத் தொலைந்திருந்தால் நான் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பேன்.

ராஜபாளையத்தில் மோட்டார் பம்பும் பைப்பும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். தென்னந்தோப்புக்காரர்களும் போர் போடுகிறவர்களும்தான் என் வாடிக்கையாளர்கள். காலையில் கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடிக்கிற நேரத்துக்கு, ஒரு கருநீலக் கார் என் கடையைத் தாண்டிப் போகும். மில் வைத்திருக்கிற குடும்பத்துப் பையனுடையது. நாலு கதவு வண்டிதான், ஆனால் தரையோடு தரையாகப் பதுங்கிப் போகும். எங்கள் தெரு வேகத்தடையில் மட்டும் அது நின்று, சாய்ந்து, ஒரு சக்கரமாக ஏறி இறங்கும். அந்த ஒரு நிமிஷம் நான் பில் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். ஆறு வருஷம் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் ஒரு பைப் கடைக்காரனுக்கு இப்படி ஒரு ஆசை எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பையன் வெளிநாடு போகிறான், வண்டியை விற்கப் போகிறார்கள் என்று புரோக்கர் கடைக்கு வந்து சொன்னபோது என் கையிலிருந்த ரசீதுப் புத்தகம் நழுவியது. அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே தெலுங்கு, வாசலில் தமிழ் பேசுகிற வீடு. காபி கொடுத்து, ஷெட்டைத் திறந்து விட்டார்கள். நான் சும்மா போகவில்லை. இரண்டு மாதமாக யூடியூபில் பார்த்துப் பார்த்துப் பாடம் படித்து வைத்திருந்தேன். போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட காயம் இருக்கிறதா, கதவு ஓரத்து ரப்பரைத் தூக்கினால் உள்ளே பெயின்ட் நிறம் மாறுகிறதா, நாலு டயரும் ஒரே வருஷத்து டயரா என்று பார்த்தேன். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னியே இல்லை. பஞ்சரானாலும் ஓடுகிற டயராம். சர்வீஸ் புத்தகத்தில் ஒரு தேதி விடாமல் முத்திரை இருந்தது.

பிறகு உள்ளே உட்கார்ந்தேன். சீட் என் முதுகைப் பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்தினேன். வெளியே புரோக்கர் வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. இறங்க மனமில்லாமல் கண்ணாடியை இறக்கி, "என்ன?" என்று கேட்டேன்.

"சிங்கிள் ஓனர் அண்ணாச்சி. ஷெட்டுலயே நின்ன வண்டி. நாளைக்குச் சாயங்காலம் சிவகாசிப் பார்ட்டி வாராக. அதுக்குள்ள நீங்க சொல்லிட்டா உங்களுக்கு. இல்லைன்னா அவிய ஓட்டிட்டுப் போயிருவாக."

அந்த இடத்திலேயே சரி என்றிருப்பேன். ஆனால் வீட்டில் கேட்க வேண்டும். என் மனைவி கணக்கு டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்து வளர்ந்தவள். கெட்டிக்காரி. என் கடை வரவு செலவில் ஆடிட்டர் பிடிக்காத பிழையை அவள் பிடிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய காரியம் எதுவானாலும் சாமியிடம் பூக் கட்டிப் பார்ப்பாள். எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வெளியே தெரியாமல் ஒரே மாதிரிக் கட்டி, சாமி காலடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எங்கள் வீட்டு மனை, மகளின் காலேஜ், பள்ளியில் இவளுக்கு வந்த மாற்றல் உத்தரவு, எல்லாம் அப்படி முடிவானவைதான். நான் கேலி செய்தால், "யோசிச்சு முடிவெடுக்க முடியுறதுக்கு யோசனை. முடியாததுக்குப் பூ. இதுல என்ன தப்பு?" என்று கேட்பாள். சாமியிடம் அவளுக்கு அப்படி ஒரு பேச்சுவார்த்தை இருந்தது.

காரைப் பற்றிச் சொன்னதும் சிரித்தாள். "ஆனையைக் கட்டித் தீனி போட நம்மளால ஏலுமா? பைப் கடைக்கு எதுக்கு இந்த வண்டி? நாலு பைப்பு ஏத்த முடியுமா அதுல?"

நான் கெஞ்சினேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கடைசியில் அவள், "நாளைக்குச் சனிக்கிழமை. திருவண்ணாமலைக்குப் போவோம். பெருமாள் சரின்னா எனக்கும் சரி" என்றாள்.

பெயரைக் கேட்டதும் அருணாசலத்தை நினைத்துவிடாதீர்கள். இது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலை. மேலே பெருமாள் நிற்கிறார். மறுநாள் காலையில் எங்கள் பழைய வண்டியில் போனோம். அவள் கால் கழுவக் குளத்துப் பக்கம் போனாள். "பூவை வாங்கிக் கட்டி வைங்க, வந்துருதேன்" என்றாள். அடிவாரத்துப் பூக்கடையில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் வாங்கினேன். இரண்டு துண்டு வாழை இலையும் நாரும் கொடுத்தார்கள்.

ஒரு இலையில் நந்தியாவட்டையை வைத்து மடித்தேன். அடுத்த இலையில் அரளியை வைத்தேன். பாதிக்குப் பாதி. ஆறு வருஷத்து ஆசை, சாயங்காலம் சிவகாசிக்காரன் வருகிறான், இவள் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கம் கையை நீட்டுவாளோ. அரளியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். இன்னொரு நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. அவள் சேலை நுனியைப் பிழிந்துகொண்டே வந்து, "கட்டியாச்சா?" என்றாள். "ஆச்சு" என்றேன்.

மேலே பட்டர் இரண்டையும் பெருமாள் காலடியில் வைத்துத் தட்டில் எடுத்து வந்தார். அவள் கண்ணை மூடி நின்றாள். உதடு அசைந்தது. கை இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் தயங்கி, வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தது. பிரித்தாள். வெள்ளை. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது வழக்கம். அதை நானே வாங்கி, இறங்கும்போது அரளியோடு சேர்த்துப் புதரில் வீசிவிட்டேன்.

"உங்க ஆசை பெருமாளுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றாள் படியில். நான் சிரித்தேன். குற்ற உணர்ச்சியில் துடித்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். சந்தோஷத்தில் எனக்குப் படி தெரியவில்லை. அன்று சாயங்காலம் வண்டி என் வீட்டு வாசலில் நின்றது.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். அதன் பிறகு அந்த வண்டி செய்ததெல்லாம் நல்லதுதான். கம்பெனி சர்வீஸுக்கு மதுரை போனால், "இந்த மாடலில் இவ்வளவு சுத்தமான இன்ஜினைப் பார்த்ததில்லை" என்றார்கள். கேலி செய்தவள் மெல்ல மெல்ல அதில் விழுந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மில் மைதானத்தில் ஓட்டப் பழகி, பிறகு பள்ளிக்கூடத்துக்கே ஓட்டிப் போக ஆரம்பித்தாள். வேகத்தடையில் என்னைவிட நன்றாகச் சாய்த்து ஏற்றுவாள். யார் கேட்டாலும், "பெருமாள் பாத்துக் குடுத்த வண்டி" என்பாள். டீச்சர்களிடம் சொன்னாள், பால்காரரிடம் சொன்னாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். என் புத்திக்கு எட்டாதது சாமிக்கு எட்டுச்சு" என்பாள். முதல் மாதம் எனக்கு உறுத்தியது. அப்புறம் உறுத்தல் போய்விட்டது. பழகின பொய், வேண்டிய சொந்தக்காரன் மாதிரி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தவள், "இங்க பாருங்க, கட்டி மாதிரி இருக்கு" என்றாள். இடது மார்பில் ஒரு சுண்டைக்காய் அளவு. மதுரைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுதான். டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். "ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிருக்கோம். சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிட்டா நல்லாக் குணமாகும். தள்ளிப் போடாதீங்க." திரும்பி வரும்போது என் மனைவி ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். அவளோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் இதே ஆபரேஷனுக்குப் போய் வீடு திரும்பவில்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் பள்ளியிலிருந்து நேராகத் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயில் அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நோய்க்கு அவரிடம்தான் போவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"பூ வச்சுப் பாத்தேன். சிவப்பு வந்துருச்சு. ஆபரேஷன் வேண்டாம்."

"யாரு கட்டுனா?" என்று கேட்டேன். அதுதான் முதலில் வாயில் வந்தது.

"நாந்தான் கட்டுனேன். நாந்தான் எடுத்தேன். சித்த மருந்து சாப்பிடுதேன். அம்மாவுக்குத் தெரிஞ்ச வைத்தியர் ஒருத்தர் இருக்காராம்."

கத்தினேன். படித்தவள்தானே நீ, பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறாய், பூவா கத்தி பிடிக்கப் போகிறது என்று கண்டபடி கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தைக்கு வாசல் கிடையாது. அவள் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வண்டி வாங்குறப்ப நான் வேண்டாம்னேன், சாமி வேணும்னுச்சு. சாமி சொன்னதுதான் நடந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த வண்டி ஒரு தடவை நின்னிருக்கா? சொல்லுங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

முதலில் எனக்கு வந்த யோசனை என்ன தெரியுமா? இன்னொரு தடவை ஏமாற்றுவது. "திருவண்ணாமலைப் பெருமாள்கிட்டயும் ஒரு தடவை கேட்டுப் பாப்பமே. பூவ நான் கட்டுதேன்" என்றேன். அவள் தலையசைத்தாள். "ஒரே கேள்விய ரெண்டு தடவை கேக்கக் கூடாது. கேட்டா சாமிய நம்பலைன்னு அர்த்தம்."

மாமியாரிடம் போய் அழுதேன். மகளை விடுதியிலிருந்து வரவழைத்தேன். அவளும் அழுது பார்த்துவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. இரண்டு முறையும் கடைக்கு வெளியே போய் நின்று, "அடுத்த வாரம் வந்துருவோம் மேடம்" என்றேன்.

என்னிடம் ஒரே ஒரு சாவி இருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முதல் நாளே தெரியும் எனக்கு. தினமும் காலையில் இன்று சொல்லிவிடுவேன் என்று எழுந்திருப்பேன். அவள் தோசை வார்த்து வைப்பாள், சட்டினியை அருகில் நகர்த்துவாள், என்னால் வாயைத் திறக்க முடியாது. இருபத்திரண்டு வருஷமாக என்னை ஒரு நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவள். கோபக்காரன், ஊதாரி, ஆனால் பொய் சொல்ல மாட்டான் என்று தன் அம்மாவிடமே என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயரை விட மனம் வரவில்லை. காருக்காகப் பொய் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் உயிருக்காக உண்மை சொல்லப் பதினாறு நாள் ஆனது. அந்தப் பதினாறு நாளும் கட்டி அவள் உடம்பில்தான் இருந்தது.

பதினைந்தாம் நாள் எனக்கு ஒரு கோணல் புத்தி வந்தது. வண்டி ஒரு தடவை நின்றிருக்கிறதா என்றுதானே கேட்கிறாள்? நின்றுவிட்டால்? பெருமாள் கொடுத்த வண்டி நடுரோட்டில் படுத்துவிட்டால், பூவின் மேல் இருக்கிற நம்பிக்கையும் கொஞ்சம் ஆடும் இல்லையா? உண்மையைச் சொல்லாமலே காரியம் முடிந்துவிடும். பைப்பும் கிளாம்பும் என் பிழைப்பு. பானெட்டைத் திறந்து பார்த்தால், டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்றுப் போகிற தடித்த ரப்பர் குழாய் ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்திருப்பது நான் தினமும் விற்கிற மாதிரி ஒரு கிளாம்பு. மறுநாள் அவள் அம்மா வீட்டுக்குப் போய் வைத்தியரைப் பார்ப்பதாக இருந்தது. புறப்படும் முன் கிளாம்பைத் தளர்த்தி விட்டு, ஸ்குரூ டிரைவரை பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன்.

நானே ஓட்டினேன். ராஜபாளையம் தாண்டும்வரை மெதுவாகப் போனேன். வன்னியம்பட்டி நெருங்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். டப்பென்று ஒரு சத்தம். வண்டி இருமியது, குலுங்கியது, மீட்டரில் இருந்த விளக்கெல்லாம் எரிந்தது, ஓரமாக ஒதுக்கியதும் இன்ஜின் அணைந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "பாத்தியா, நின்னு போச்சு. என்னமோ சாமி வண்டின்னியே" என்றேன்.

அவள் கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. அணைந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிகவும் அமைதியாகச் சொன்னாள்.

"இம்புட்டு நாளு நிக்காத வண்டி, நான் மருந்துக்குப் போறப்ப நிக்குது. அப்ப மருந்தும் வேண்டாம்னு சொல்லுது. நான் முடிஞ்சேன்னு சொல்லுது. இல்லைங்களா?"

அவள் அழக்கூட இல்லை. பஸ்ஸில் தன் நிறுத்தம் வந்ததும் எழுந்து நிற்கிற ஆள் மாதிரி, சேலையைச் சரி செய்துகொண்டாள்.

"ஏட்டி, சாமியில்லட்டி" என்றேன். "நான். நாந்தான் கிளாம்பைத் தளத்தி விட்டேன்."

அவள் திரும்பினாள். "எதுக்கு?"

"வண்டி நின்னா, பூ சொன்னது பொய்யின்னு நீ நெனப்பேன்னு."

"பூ சொன்னது எப்படிப் பொய்யாகும்?"

"பூ எதையும் சொல்லவே இல்லட்டி. அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வச்சேன். சிவப்ப எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். வண்டி கைய விட்டுப் போயிரும்னு பயந்து பண்ணிட்டேன்."

அவள் இறங்கினாள். நானும் இறங்கி, பானெட்டைத் திறந்து, விலகிக் கிடந்த குழாயைக் காட்டினேன். பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக் குழாயைப் பொருத்தி முறுக்கினேன். மணிக்கட்டு சூட்டில் பட்டுத் தோல் உரிந்தது. ஸ்டார்ட் செய்தேன். எங்கே விட்டதோ அங்கிருந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடியது அந்தப் பாழாய்ப்போன வண்டி. நிரூபித்துவிட்டேன் என்று நினைத்து அவளைப் பார்த்தேன்.

"என்னை ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஓடுத வண்டிய நிப்பாட்டின ஆளு நீங்க" என்றாள். "அதுக்காகவே பூவப் பத்தியும் ஒரு கதை கட்டிச் சொல்ல மாட்டீகளா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பதினாறு நாள் எதைச் சொல்லப் பயந்தேனோ, அதைச் சொல்லியும் அவள் நம்பவில்லை. "சத்தியமாட்டி. மக தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுதேன்" என்றேன்.

"அவ தலைய விடுங்க. அவ என்ன பாவம் பண்ணுனா." ஒரு லாரி போய் முடியும்வரை நின்றாள். "ஒண்ணு, அன்னைக்குப் பொய் சொல்லியிருக்கீக. இல்லைன்னா இன்னைக்குப் பொய் சொல்லுதீக. எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

கணக்கு டீச்சரிடம் மாட்டிக்கொண்டேன். என் பொய்க்குச் சாட்சி நான் ஒருவன்தான், என் சாட்சி செல்லாது. கத்தினேன். கையால் பானெட்டில் அடித்தேன். பிறகு என்ன செய்கிறேன் என்று தெரியாமல், வன்னியம்பட்டி ரோட்டில், பகல் பதினொரு மணிக்கு, போகிற வருகிற பஸ்காரர்கள் பார்க்கப் பெண்டாட்டி காலில் விழுந்தேன். "செத்துப் போயிராதட்டி" என்று அழுதேன். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"எந்திரிங்க. ஆளு பாக்குது."

எழுந்தேன். முட்டியெல்லாம் மண். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு மலையில நான் அழுதேன். சாமி என் கையப் புடிச்சு அந்தப் பொட்டலத்து மேல வச்ச மாதிரி இருந்துச்சு. நெசமாவே இருந்துச்சு. அது சாமி இல்லையா?"

நான் குனிந்து முட்டி மண்ணைத் தட்டினேன்.

"வைத்தியநாதர் கோயில்லயும் அப்படியேதான் இருந்துச்சு. அதே மாதிரி கையப் புடிச்சுச்சு. ஒரு வித்தியாசமும் இல்ல." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அது சாமியில்லைன்னா, இது மட்டும் சாமின்னு நான் எதை வச்சுச் சொல்ல?"

"நகருங்க" என்று டிரைவர் சீட்டில் அவளே ஏறினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கே போகிறோம் என்று கேட்கத் துணிச்சல் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்து, மடவார் வளாகத்தில் அம்மா வீட்டைத் தாண்டி, கோயில் வாசலில் நிறுத்தினாள். நடை சாத்துகிற நேரம். நான் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். பூ வாங்கவில்லை, அர்ச்சனைத் தட்டு வாங்கவில்லை. வெறுங்கையாகச் சன்னதிக்கு முன்னால் போய் நின்றாள். வழக்கமாகக் கண்ணை மூடி உதடு அசைய நிற்பவள், அன்று கண்ணைத் திறந்து சாமியையே பார்த்தபடி நின்றாள். குருக்கள் விபூதி கொடுக்க வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

வெளியே வந்ததும் சொன்னாள். "டாக்டருக்குப் போன் போடுங்க. என்னைக்குன்னு கேளுங்க."

"என்னை நம்புதியா?"

"இல்ல" என்றாள். "நீங்க சொன்னது நெசமோ பொய்யோ, எனக்குத் தெரியல. சாமி வேண்டாம்னு சொல்லுச்சா, சும்மா இருந்துச்சா, அதுவும் தெரியல. ஒண்ணுமே தெரியாமத்தான் வாரேன். இதுவரைக்கும் எந்தக் காரியத்துக்கும் நான் அப்படிப் போனதில்ல. அம்புட்டுப் பயமா இருக்கு."

அவள் கையைப் பிடிக்கப் போனேன். எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. ஆனால் அக்குளில் இரண்டு நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருந்தது. "இந்த இருபது நாளில் பரவியதா டாக்டர்?" என்று கேட்டேன். "அப்படி நாள் கணக்குச் சொல்ல முடியாது. முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. மறுபடி அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. கீமோ ஆறு முறை. அவள் தலைமுடி போய், வந்து, இப்போது கழுத்துவரை இருக்கிறது. திரும்பவும் பள்ளிக்கூடம் போகிறாள். இருக்கிறாள். எனக்கு அது போதும். அவளுக்குப் போதுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பூ வைப்பதை நிறுத்திவிட்டாள். கோயிலுக்குப் போகிறாள், கும்பிடுகிறாள், எதுவும் கேட்பதில்லை. போன வருஷம் மகளுக்கு ஒரு வரன் வந்தது. "மலையில போய்க் கேப்பமா? பூவ நீயே கட்டு, நான் கிட்டயே வரல" என்று நானாகவே சொன்னேன். சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டிருந்தவள் நிமிராமல், "யாருகிட்ட கேக்க?" என்றாள். அன்று நான் கடைக்குப் போகவில்லை. ஒரு வண்டிக்காக, அவள் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்த ஒரு துணையை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன். அதை எந்தப் பழைய வண்டிச் சந்தையில் போய்த் தேடி வாங்கிக் கொடுப்பேன்?

ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்கு மதுரை போகிறோம். அந்த நாளில் அவள் காலையிலேயே தயாராகி, ரிப்போர்ட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். முன்பென்றால் அவளுக்குப் பதில் முந்தின நாளே கிடைத்திருக்கும். இப்போது கேட்க வேறு ஆள் இல்லாமல் என்னிடம் கேட்கிறாள்.

"ஒண்ணும் இருக்காதுல்ல?"

"ஒண்ணும் இருக்காது" என்பேன்.

அவள் என் முகத்தையே பார்ப்பாள். இருபத்திரண்டு வருஷம் பார்த்த பார்வை இல்லை அது. நான் கண்ணை எடுக்காமல் நிற்பேன். பிறகு, "சரி, வண்டிய எடுங்க" என்பாள்.